சிறுநீரக நோயுள்ள 14 வயதுப் பூனையை யாழ்ப்பாணத்து வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "கோண்டாவிலில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 71. துணைக்கு 14 வயதுக் கடுவன் பூனை ஒன்று. மெலிந்துகொண்டே வந்ததால் வைத்தியரிடம் கொண்டு போனார்கள். கிரியேட்டினின் 3.2, பிறஷர் 185, நிறை 3.4 கிலோ. போன வருடம் 4.3 கிலோ இருந்தது. கிட்னி பழுது என்று சொல்லி, பிறஷருக்கு அம்லோடிபினும் சத்திக்கு ஒரு குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். கொழும்பில் இருந்து சிறுநீரக நோய்க்கான உலர் உணவு எடுப்பித்துக் கொடுத்தேன், பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அம்மா மீனும் சோறும்தான் கொடுக்கிறார். நிறுத்தச் சொல்லவா? இன்னும் எவ்வளவு காலம் இருக்கும்? ஜூனில் அம்மாவை இரண்டு மாதம் இங்கே கூப்பிட இருக்கிறேன், பூனையை என்ன செய்வது?"

தம்பி, மீன் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஆனால் இன்றைக்கே அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இது. பொருந்தாத சாப்பாட்டால் வரும் கெடுதி மாதக்கணக்கில், மெதுவாக வரும். சாப்பிடாமல் விட்டால் வரும் கெடுதி இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும். பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி, ஈரலையே முடக்கிவிடும். கொழுத்த பூனைக்கு அந்த ஆபத்து அதிகம். உங்கள் பூனையைப் போல ஏற்கெனவே மெலிந்தது என்றால் மிச்சமிருக்கிற தசையும் கரையும். "பசித்தால் தன்பாட்டில் அதைத் தின்னும்" என்று பிடிவாதமாகப் புது உணவை மட்டும் வைத்துவிட்டு இருப்பது பூனையிடம் செய்யக்கூடாத காரியம். இங்கே பல வருடமாக நாய் பூனைகளைப் பார்த்துவரும் மிருக வைத்தியன் என்ற முறையில் சொல்கிறேன்: வயதான பூனைக்கு முதல் மருந்து சாப்பாடு. சரியான சாப்பாடு அதற்கு அடுத்தது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். சிறுநீரக நோயை நாங்கள் ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு வகுத்த நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறோம். கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இரண்டாம் கட்டம், 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். 3.2 என்றால் மூன்றாம் கட்டத்தின் தொடக்கம். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்த நாளில் இரத்தம் எடுத்திருந்தால் எண் கூடித்தான் காட்டும். நீர் ஏற்றி, பூனை தெளிந்த பிறகு ஒருமுறை திரும்பப் பார்த்துத்தான் கட்டத்தை உறுதி செய்ய வேண்டும். மறுபக்கம், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உங்கள் பூனை ஒரு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிறையை இழந்திருக்கிறது. தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினினும் குறைத்தே காட்டும். அதனால் 3.2 என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கவும் வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது அம்மா கேட்க வேண்டிய பரிசோதனைகள் உண்டு. சிறுநீரின் அடர்த்தி, சிறுநீரில் புரதம், கிருமித்தொற்று. இரத்தத்தில் பொஸ்பரஸ், பொட்டாசியம், செங்குருதி அளவு. இவற்றோடு மறக்காமல் ரி4, அதாவது தைரொயிட் சுரப்பியின் ஹோர்மோன் அளவு. பத்து வயது தாண்டிய பூனைகளில் தைரொயிட் கூடுதலாகச் சுரப்பது மிகச் சாதாரணம். நன்றாகத் தின்றுகொண்டே மெலிவது, இராவில் காரணமில்லாமல் கத்துவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது எல்லாம் அதன் அடையாளம். அது பிறஷரையும் கூட்டும், தசையையும் கரைக்கும். கூடவே சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, கிரியேட்டினினைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் தைரொயிட்டுக்கு மருந்து தொடங்கிய பிறகு சில பூனைகளில் மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே தெரிகிறது. மருந்து கிட்னியைப் பழுதாக்கிவிட்டது என்று ஆட்கள் நினைத்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல், அளவைச் சரிசெய்வதுதான் முறை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம்முடைய ஊரில் பூனையின் இரத்தம் பெரும்பாலும் மனிதர்களுக்கான ஆய்வுகூடத்துக்குத்தான் போகிறது. கருவி நல்ல கருவிதான், எண்ணை நம்பலாம். ஆனால் துண்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் "சாதாரண அளவு" மனிதருடையது. மனிதருக்கு மொத்த ரி4 ஏறக்குறைய 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கும். பூனைக்கு 4 அல்லது 4.7 தாண்டினாலே அதிகம். பூனையின் ரி4 8 என்று வந்தால் அந்தத் துண்டு அதைச் சாதாரணம் என்று காட்டும், ஆனால் அந்தப் பூனைக்குத் தெளிவான தைரொயிட் நோய் இருக்கும். யூரியாவில் இது தலைகீழ்: சுகமான பூனையின் அளவே மனித அளவைத் தாண்டி நிற்கும், துண்டைப் பார்த்து வீட்டுக்காரர் அழுவார்கள். எனவே துண்டைப் படமெடுத்து அனுப்பி, கூகுளில் தேடி நீங்களே முடிவு கட்டாதீர்கள். எண்ணை மட்டும் எழுதி, பூனையின் அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி வைத்தியரிடமே கேளுங்கள்.

185 பிறஷர் உண்மையில் பொல்லாதது. 180ஐத் தாண்டினால் கண், மூளை, இருதயம், சிறுநீரகம் நான்குக்கும் ஆபத்து. புது இடத்தில், நாய் குரைக்கும் அறையில், பயந்துபோய் இருக்கும் பூனைக்குக் கொஞ்சம் கூடவே காட்டும் என்பதும் உண்மை. ஆனாலும் அம்லோடிபின் கொடுத்தது சரி, அதை ஒரு நாளும் தவறவிடக்கூடாது. மனிதருக்கான 5 மில்லிகிராம் குளிசையில் எட்டில் ஒரு பங்குதான் பெரும்பாலும் சின்னப் பூனைகளுக்குத் தொடக்க அளவு. அம்மாவின் கண்ணுக்கும் கைக்கும் குளிசையை எட்டாகப் பிளப்பது கஷ்டம், துண்டு ஒன்று பெரிது ஒன்று சிறிதாகப் போகும். மருந்துக்கடையில் குளிசை வெட்டும் சின்னப் பெட்டி இருக்கிறது, அல்லது 2.5 மில்லிகிராம் குளிசை வாங்கி நான்காக வெட்டலாம். அளவை எழுதித் தந்தவர் உங்கள் வைத்தியர், அவர் எழுதியதுதான் கணக்கு. அம்மாவுக்கும் பிறஷர் இருந்து, வீட்டில் அதே குளிசை இருந்தால் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் காலையில் பூனை திடீரென்று கதிரைக் காலில் மோதினாலோ, நல்ல வெளிச்சத்திலும் கருவிழி முழுதாக விரிந்து கறுப்பாகத் தெரிந்தாலோ, அது கண்ணின் பின் திரை கழன்றதன் அடையாளம். அன்றைக்கே போக வேண்டும். உடனே பிறஷரை இறக்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பியிருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இதில்தான் அம்மாவால் அதிகம் செய்ய முடியும்.

முதலில் பூனை ஏன் சாப்பிடவில்லை என்று பார்க்க வேண்டும். சட்டிக்குக் கிட்ட ஆவலோடு வருகிறது, முகர்கிறது, உதட்டை நக்குகிறது, எச்சில் விழுங்குகிறது, திரும்பிப் போய்விடுகிறது என்றால் அதற்குப் பசி இருக்கிறது, ஆனால் வயிற்றைக் குமட்டுகிறது. சத்தி எடுக்காத பூனைக்கும் குமட்டல் இருக்கும். சத்திக்குத் தந்த குளிசையை "இன்றைக்குச் சத்தி எடுக்கவில்லை" என்று அம்மா நிறுத்தி வைத்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். குமட்டல் இருக்கும் நாட்களில் புது உணவை முன்னால் வைத்தால், அந்த வாசனையே தனக்குக் குமட்டலைத் தந்தது என்று பூனை நினைத்துவிடும், பிறகு வாழ்நாளுக்கும் தொடாது. நீங்கள் வாங்கிய மூடைக்கு அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பூனை தெளிந்து, ஒரு வாரமாவது ஒழுங்காகத் தின்ற பிறகு, வழக்கமான சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேறு சட்டியில் ஐந்தாறு உருண்டை வைத்துத் தொடங்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மூன்று நான்கு வாரம் எடுத்து மாற்ற வேண்டும். சிறுநீரக உணவு பூனையின் ஆயுளைக் கூட்டுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம், அதனால் முயற்சியைக் கைவிடவும் வேண்டாம்.

அது வரைக்கும், அல்லது பூனை கடைசிவரை அதைத் தொடாவிட்டால், மீன் சோற்றைத் திருத்தலாம். சிறுநீரகம் பழுதான பூனைக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பொஸ்பரஸ். அது எலும்பிலும் தலையிலும்தான் நிறைய இருக்கிறது. நம்முடைய வழக்கத்தில் சதை மனிதருக்கு, தலையும் முள்ளும் பூனைக்கு. இனி இந்தப் பூனைக்கு மட்டும் அதை மாற்ற வேண்டும்: முள் நீக்கிய வெறும் சதை. கறிக்குப் போடுவதற்கு முன்னமே அதன் பங்கை எடுத்து, உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி எதுவும் சேர்க்காமல் தனியாக அவிக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதி அணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சொதியில் தோய்த்த சோறு கூடாது என்பதும் இதனால்தான். சிறுநீரக நோயில் ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கும், அதற்கு மேல் இதைத் தாங்காது.

அவித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். பூனைக்கு இன்றியமையாத ரோரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். இளஞ்சூட்டில் மீனோடேயே ஊற்றிக் கொடுத்தால் சத்தும் சேரும், நீரும் உள்ளே போகும், வாசனையும் இழுக்கும். இங்கே மலிவாகக் கிடைக்கும் சூடை போன்ற சின்ன மீன்களைப் பச்சையாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அவற்றில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும், அவித்தால் அந்த நொதியம் போய்விடும். நாள் முழுக்க எண்ணெய்ப் பற்றான மீன் மட்டுமே கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து உடம்பின் கொழுப்பு அழன்று நோகும். அதனால் கிழமையில் சில நாள் கோழி நெஞ்சு இறைச்சி, சில நாள் அவித்த முட்டை வெள்ளை. முட்டை வெள்ளை எனக்கு மிகவும் பிடித்த உபாயம்: நல்ல புரதம், பொஸ்பரஸ் மிகக் குறைவு. மீனோடு பிசைந்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் கண்டுகொள்ளாது. கருவாடும் ரின் மீனும் உப்பு, வேண்டாம். பால் குடித்துப் பழகிய பூனை என்றால் ஒரு கரண்டியோடு நிறுத்தலாம், ஆனால் பாலிலும் பொஸ்பரஸ் உண்டு, வயிற்றாலும் போகும்.

"கிட்னி என்றால் புரதம் கூடாது" என்று அயலில் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சோற்றை மட்டும் வைத்தால் பூனை மூன்று மாதத்தில் எலும்பாகிவிடும். பூனை ஊன் தின்னிப் பிராணி. அளவான, தரமான புரதம் அதற்கு வேண்டும். பொஸ்பரஸ் இன்னும் கூடவே இருந்தால் சாப்பாட்டோடு கலக்கிற கட்டுப்படுத்தி மருந்து உண்டு, அலுமினியம் ஹைட்ரொக்சைட் அதில் ஒன்று. அதைச் சாப்பாட்டில் கலந்தால்தான் வேலை செய்யும், தனியாக வாயில் விட்டுப் பயனில்லை. வீட்டுச் சாப்பாடு எவ்வளவு திருத்தினாலும் முழுச் சத்துச் சாப்பாடு ஆகாது என்பதால், விற்றமின், கல்சியம், ரோரின் சேர்ப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஒரே தடவையில் சட்டி நிறைய வைக்காமல் நாளுக்கு ஐந்தாறு தரம் இரண்டு மூன்று கரண்டி. குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல் சுடுதண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றிக் கொடுக்கட்டும். ஆழமான கோப்பையை விட்டு, தட்டையான சின்னத் தட்டில், தரையில் இருந்து நாலு விரல் உயரத்தில் வைத்தால் கழுத்து நோகாது. இத்தனையும் செய்தும் பசி வராவிட்டால் பசியைத் தூண்டும் மருந்து இருக்கிறது, மிர்ற்றசபின் என்று கேளுங்கள். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லை என்றால் அடுத்த நாள் காலை வைத்தியர்.

தண்ணீர். யாழ்ப்பாணத்து வெயிலில், அதுவும் பங்குனி சித்திரையில், உடம்பின் நீரைப் பிடித்து வைக்க முடியாத சிறுநீரகத்தோடு ஒரு பூனை இருப்பது லேசான விஷயம் இல்லை. குடிக்கிற தண்ணீர் எல்லாம் அப்படியே சிறுநீராகப் போகும். "நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, சுகம்தான்" என்று அம்மாமார் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன், அது சுகத்தின் அடையாளம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வீட்டில் நான்கைந்து இடத்தில் வையுங்கள்: படுக்கும் இடத்தில், குசினி வாசலில், விறாந்தையில், கிணற்றடியில். வாய் அகன்ற மண்சட்டி நல்லது, வெயிலிலும் குளிர்ந்து இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி. காலையும் மாலையும் மாற்றிக் கழுவ வேண்டும். மத்தியானத்தில் பூனை சீமேந்துத் தரையில் படுத்தால் விடுங்கள், அதற்குத் தெரியும். மார்கழி தை வாடைக் காற்றில் மட்டும் ஒரு சாக்கோ பழைய சேலையோ வேண்டும், மெலிந்த உடம்பு குளிரைத் தாங்காது.

நம்முடைய பூனைகள் வளவுக்குள் போய் மண்ணைக் கிண்டி இருந்துவிட்டு வருவதால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரு வழி: பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்து, ஒரு பக்க விளிம்பை மட்டும் நாலு விரல் உயரத்துக்குத் தாழ்த்தி வெட்டி, வெட்டிய ஓரத்தை மெழுகுதிரியில் லேசாக வாட்டி மழுக்கி, உள்ளே மணல் போட்டு வீட்டுக்குள் அமைதியான மூலையில் வைப்பது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் அநேகமாக எல்லாவற்றிலும் மூட்டுத் தேய்வு தெரியும், உயர்ந்த விளிம்பைத் தாண்ட அதற்கு நோகும். வெளியே படியிறங்க முடியாமல்தான் பல கிழப் பூனைகள் அறைக்குள் இருந்துவிடுகின்றன, அதற்காக அடிக்கக்கூடாது. மணல் நனைந்து கட்டியாகும் அல்லவா, அது தேசிக்காய் அளவில் இருந்தால் பரவாயில்லை, தோடம்பழம் அளவில் நாளுக்கு மூன்று நான்கு வந்தால் கொப்பியில் எழுதட்டும். மலம் இறுகி, முக்கிக்கொண்டு இருந்தால் அதையும் எழுதட்டும், நீர் வற்றிய பூனைக்கு மலச்சிக்கல் சத்தியை வரவழைக்கும். கடுவன் பூனை அடிக்கடி போய் இருந்தும் ஒரு சொட்டும் வராவிட்டால் அது வேறு நோய், அடைப்பு, ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது.

கொப்பி என்றேன், அது இந்த வீட்டில் மிக அவசியமான மருத்துவக் கருவி. திகதி, எத்தனை தரம் சாப்பிட்டது, சத்தி, சிறுநீர், கொடுத்த குளிசை. கிழமைக்கு ஒருதரம் நிறை. குளியலறைத் தராசு 100 கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது, இந்தப் பூனைக்கு 100 கிராம் என்பது உடம்பின் மூன்று சதவீதம். மரக்கறி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக் கொடுங்கள், பேசினுக்குள் பூனையை இருத்தி நிறுக்கலாம். மூடை உணவை விட அந்தத் தராசு நல்ல பரிசு. பூனை நித்திரையாக இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதவும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது, கூடிக்கொண்டே போனால் இருதயத்தைப் பார்க்க வேண்டும்.

குளிசை கொடுப்பது எல்லா வீட்டிலும் யுத்தம். மேசையில் வைத்து முகத்துக்கு நேரே போனால் எந்தப் பூனையும் பின்னால் பாயும். அம்மா தரையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி இருக்கட்டும். பூனையைத் துவாயால் கழுத்து வரை சுற்றி, அதன் முதுகு தன் வயிற்றில் படும்படி மடியில் வைக்க வேண்டும். இடக்கையால் மேலிருந்து கன்ன எலும்பு இரண்டையும் பிடித்து முகத்தை மேலே உயர்த்தினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலக்கை நடுவிரலால் முன்பல்லை அழுத்தி, குளிசையை நாக்கின் நடுவே மிகப் பின்னால் போட்டு வாயை மூடி, தொண்டையைத் தடவ வேண்டும். குளிசையில் துளி பட்டர் தடவினால் ஒட்டாது. அதற்குப் பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னப் பக்கமாக 5 மில்லிலீற்றர் தண்ணீர் கட்டாயம், மெதுவாக. காய்ந்த குளிசை பூனையின் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். முடிந்ததும் பிடித்த சாப்பாடு ஒரு வாய். மருந்தைப் பிரதான சாப்பாட்டுக்குள் ஒளிக்க வேண்டாம், கசப்புத் தெரிந்தால் அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும்.

தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவது மூன்றாம் கட்டத்துப் பூனைகள் பலவற்றுக்குப் பெரிய ஆறுதல். எத்தனை நாளுக்கு ஒருதரம், எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், இருதயம் பலவீனமான பூனைக்கு அது கெடுதலாகவும் போகும். செய்முறையை வீட்டிலேயே பழகலாம்: பையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்து, யன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோள்பட்டை நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடியில் ஊசி. ஒவ்வொரு முறையும் புது ஊசி. நீர் கட்டியாக இறங்கி முன்னங்காலுக்கு வரும், சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும், பயப்பட வேண்டாம். அம்மாவின் கை நடுங்கும் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையைக் கூட வைத்துப் பழக்குங்கள். ஜூன் மாதத்துக்கும் அந்தப் பிள்ளை உதவும்.

கொடுக்கக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனடோல் கூடவே கூடாது, பாதிக் குளிசையே பூனையைக் கொல்லும், அதன் ஈரலால் அதைக் கழிக்க முடியாது. டைக்ளோபெனாக், இப்யூபுரூபன் போன்ற மனித நோ மருந்துகளும் அப்படியே. மூட்டு நோவுக்குத் தைலமோ வேப்பெண்ணெயோ பூசினால் பூனை நக்கி உள்ளே எடுக்கும். உண்ணிக்கு நாய்க்கு விடும் பேர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வரும். நெருஞ்சிக் குடிநீர் முதலியவை மனிதருக்குச் சொல்லப்பட்டவை, இதற்கு வேண்டாம். மூட்டு நோவுக்கு உண்மையில் உதவுவது கதிரைக்கு ஏற ஒரு சின்ன முக்காலி, மெத்தென்ற படுக்கை, நீண்ட நகத்தை வெட்டிவிடுவது. அதற்கு மேல் தேவையென்றால் சிறுநீரகத்துக்கு ஏற்றது எது என்று வைத்தியர் பார்த்துத் தருவார். வாய் நாறினால், ஒரு பக்கத்தால் மென்றால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் கொண்டு போகும்போது கூடைக்குள் அம்மா உடுத்த, துவைக்காத பழைய சேலையை விரித்து, மேலே துணியால் மூடி, காலை வெயிலுக்கு முன் ஓட்டோவில் போகட்டும். பேராதனைக்குக் கொண்டு போகலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், பலர் கேட்கிறார்கள். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேதான் இருக்கின்றன, நல்ல இடம். ஆனால் ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஒரு கிழப் பூனையைக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தால், அது சாப்பிடாமல் விடும் நாட்களின் நட்டம் கிடைக்கும் தகவலை விடப் பெரிதாகிவிடும். சத்திர சிகிச்சையோ விசேட ஸ்கானோ தேவை என்று உங்கள் வைத்தியரே சொன்னால் ஒழிய நான் கொண்டு போகச் சொல்ல மாட்டேன். அறிக்கைகளை அனுப்பி ஆலோசனை கேட்பது அவருக்கு முடியும்.

எவ்வளவு காலம்? மூன்றாம் கட்டத்தில் பிடிபட்டு ஒன்றரை, இரண்டு வருடம் நன்றாக வாழ்ந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் போனவையும் உண்டு. முதல் ஒரு மாதத்தில் பிறஷர் 160க்குக் கீழே வந்து, நிறை இறங்காமல் நின்றால் நல்ல பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "வயது போய்விட்டது, விடு" என்று சொல்கிறவர்களிடம் அம்மா சண்டை பிடிக்கத் தேவையில்லை. வயது நோய் இல்லை, இந்தப் பூனைக்கு இருக்கிற நோய்களில் பிறஷர், குமட்டல், நீரிழப்பு மூன்றையும் இன்றைக்கே குறைக்கலாம்.

கடைசிக் காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் நான் அரைப் பதில் சொன்னவன் ஆவேன். தன் உடம்பை நக்கித் துடைப்பதை விட்டுவிட்டு, மருந்துக்கும் சேலைனுக்கும் தெளியாமல், பிடித்த மீனைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், கட்டிலுக்கடியில் ஒதுங்கியே கிடக்கும் நாட்கள் நல்ல நாட்களை விடக் கூடிவிட்டால், ஊசி போட்டு அமைதியாக விடுவது பற்றி வைத்தியரோடு பேசலாம். நம் வீடுகளில் அதைப் பாவம் என்று நினைக்கிறவர்கள் அதிகம், அம்மாவும் அப்படி நினைத்தால் வற்புறுத்தாதீர்கள். நோவும் குமட்டலும் தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கவும் மருந்து இருக்கிறது. பட்டினியும் தாகமுமாக, மருந்தில்லாமல் கிடக்க விடுவது மட்டும் இரண்டிலும் சேராது. அதை நான் எந்த வீட்டிலும் ஏற்கமாட்டேன்.

ஜூன் பயணத்துக்கு வருவோம். பூனையை உறவினர் வீட்டுக்கு மாற்றாதீர்கள். புது வீட்டில் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் விடும், வெளியே பாய்ந்தால் பழைய வீட்டைத் தேடிப் போய் வீதியில் அடிபடும். அதே வீட்டில், அதே மூலையில் இருக்கட்டும், ஆள் வரட்டும். காலையும் மாலையும் குளிசை கொடுக்கத் தெரிந்த ஒருவர், முடிந்தால் இராவில் படுக்கவும் கூடிய ஒருவர். ஏப்ரல் கடைசியிலேயே அவர் வரத் தொடங்கி, அம்மா பக்கத்தில் இருந்து பார்க்க, அவர் கையாலேயே குளிசையும் சாப்பாடும் கொடுத்துப் பழக வேண்டும். மே நடுவில் இரத்தம், பிறஷர், நிறை மூன்றையும் திரும்பப் பாருங்கள். நிலைமை இறங்கிக்கொண்டு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது பற்றி அம்மாவிடமே கேளுங்கள், முடிவு அவருடையது. போவதென்றால் இரண்டு மாதத்துக்குரிய குளிசையை வெட்டி, கிழமை கிழமையாகப் பிரித்து வைக்கட்டும். விசர்நாய்த் தடுப்பூசி தவறியிருந்தால் அதைப் போடலாமா என்று வைத்தியரைக் கேட்கட்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் வைத்தியரின் இலக்கம், உங்கள் இலக்கம், செலவுக்கான காசு எங்கே என்பது. அவசரத்தில் உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் எது வரைக்கும் வைத்தியம் செய்யலாம், எதை யார் தீர்மானிப்பது என்பதையும் அம்மா தன் கையெழுத்தில் எழுதி, ஒரு பிரதியை வைத்தியரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். ரொறன்ரோவில் இருக்கும்போது அம்மாவுக்குத் தினமும் வட்சப்பில் பூனையின் படத்தோடு கொப்பிப் பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், அவர் எண்ணைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்.